டொரண்டோ ஏப்ரலுக்கு ஆண்களுக்கான மெல்லிய ஜாக்கெட்: எதைப் பார்த்து வாங்குவது?

கோவைப்பையன் | ஏப்ரல் 3, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தேன், ஸ்கார்பரோவில் நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறேன். வந்த வாரமே முழங்கால் வரை வருகிற பெரிய பார்க்கா ஒன்று வாங்கிவிட்டேன், மைனஸ் 18லும் அது காப்பாற்றியது. பிரச்சினை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. இன்று காலை 7 மணிக்குக் கிளம்பும்போது 3 டிகிரி, பார்க்கா போட்டுக்கொண்டு போனேன். மதியம் 13 டிகிரி, நல்ல வெயில், பஸ்ஸுக்குள் ஹீட்டர் வேறு. முதுகெல்லாம் வேர்த்து சட்டை ஒட்டிக்கொண்டது, கழற்றினால் கையில் ஒரு தலையணை மூட்டை. நேற்று வெறும் ஹூடியோடு போய்ப் பார்த்தேன். மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்காகக் கால் மணி நேரம் நின்றதில் பல்லே கிட்டிவிட்டது.

மெல்லியதாக ஒன்று வேண்டும். கடைக்குப் போனால் பாம்பர், ட்ரக்கர், ஹாரிங்டன், வின்ட்பிரேக்கர், ஷெல், பஃபர் என்று ஏகப்பட்ட பெயர், எல்லாவற்றிலும் ‘ஸ்பிரிங்’ என்று அட்டை தொங்குகிறது. வரியோடு சேர்த்து 150 டாலருக்கு மேல் என்னால் முடியாது. மே மாதம் இன்டர்ன்ஷிப் நேர்காணல் இருக்கிறது, அதற்கும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தால் நல்லது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க, எதைப் பார்த்து வாங்குவது?

ஏரிக்காற்று | ஏப்ரல் 3, இரவு 10:55

தம்பி, நான் 1994இல் இருந்து ஸ்காபுறோவில் இருக்கிறேன், அதால கொஞ்சம் ஆறுதலாகவே எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஏப்ரல், மே மாதங்களில் ரொறன்ரோவில் ஆளை வருத்துவது குளிர் இல்லை, காற்று. சராசரிப்படி பார்த்தால் ஏப்ரலில் பகல் 11, 12 டிகிரி வரும், இரவில் 3, 4க்கு இறங்கும். மே மாதம் பகல் 18, 19. எண்ணாகப் பார்த்தால் பெரிய குளிர் இல்லை. ஆனால் ஒன்ராறியோ ஏரி மாரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த தண்ணீர், ஏப்ரலிலும் அதன்ர மேற்பரப்பு 4, 5 டிகிரியில்தான் நிற்கும். தரை வெயிலுக்குக் கெதியாகச் சூடாகும், தண்ணீர் சூடாகாது. தரைக்கு மேலே இருக்கிற காற்று சூடாகி எழும்ப, ஏரிக்கு மேலே கிடந்த குளிர்காற்று அந்த இடத்துக்கு உள்ளே வரும். காலமை வெளிக்கிடும்போது மரம் அசையாது, மத்தியானம் பார்த்தால் தெற்குப் பக்கமிருந்து முகத்தில் அறையும். வானிலை அறிக்கையில் ‘ஏரியோரம் குளிர் கூட’ என்று ஒரு வரி கடைசியில் வரும், அதை விடாமல் வாசியுங்கோ. மே மாதத்தில் மார்க்கம் பக்கம் சனம் ரீசேட்டோடு நிற்க, அதே நேரத்தில் ஏரிக்கரையில் இருக்கிற பிளஃபர்ஸ் பார்க்கில் நான் தொப்பி தேடின நாட்கள் இருக்கு.

இன்னொரு கணக்கும் சொல்லுகிறேன். காற்றோடு சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதற்கு 2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். அதில் 5 டிகிரியையும் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றையும் போட்டுப் பாருங்கோ, கிட்டத்தட்ட 0 வரும். உங்கட தோலுக்குப் பக்கத்தில் உடம்பு தானே சூடாக்கி வைத்திருக்கிற மெல்லிய காற்றுப் படை ஒன்று இருக்கு, காற்று அதை அள்ளிக்கொண்டு போகுது, அவ்வளவுதான் விஷயம். ஹூடி பின்னின துணி, ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஓட்டை. அதுதான் நேற்று உங்களுக்குக் குளிர்ந்தது. அந்த ஹூடிக்கு மேலே காற்றை மறிக்கிற மெல்லிய நெய்த துணி ஒன்று இருந்திருந்தால் அதே ஹூடியே போதும்.

அதால சூட்டுக்குக் காசு கொடுக்காதேங்கோ. சூடு உங்கட அலுமாரியில் ஏற்கெனவே இருக்கு. காற்றை மறிக்கிறதுக்குக் காசு கொடுங்கோ. கடையில் ஜக்கெற்றின்ர முன்பக்கத் துணியை உள்பக்கமாக வாயில் வைத்து நல்லா ஊதிப் பாருங்கோ. மூச்சு லேசாக மற்றப் பக்கம் போனால் அது வேண்டாம். இறுக்கிப் பிடித்து, கொஞ்சமாகக் கசிந்தால் அதுதான் சரி. நான் முப்பது வருஷமாக இப்படித்தான் வாங்குகிறேன்.

கோவைப்பையன் | ஏப்ரல் 3, இரவு 11:10

அண்ணா ரொம்ப நன்றி. இவ்வளவு நேரம் செலவழித்து எழுதியிருக்கிறீங்க. ஊதிப் பார்க்கிற விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. அப்புறம் மழை? அடுத்த வாரம் நாலு நாள் மழை காட்டுகிறது.

நூல்காரர் | ஏப்ரல் 4, காலை 6:30

நம்ம ஊர்ப் பக்கத்துப் பையனா, வாங்க தம்பி. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் மெர்ச்சன்டைசராக இருந்தேன், இப்போது மிஸ்ஸிசாகா. ஏரிக்காற்று அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதற்குத் துணிக்காரன் பார்வையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

திருப்பூரில் நாங்கள் செய்ததெல்லாம் பின்னலாடை. ஃபிளீஸும் பின்னலாடைதான், பின்னிய துணியைப் பிரஷ் பண்ணிப் பஞ்சு எழுப்புவார்கள், 1979இல் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் கொண்டுவந்த பாலியெஸ்டர் ஃபிளீஸின் வாரிசுகள்தான் இன்று எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. காற்றைப் பஞ்சுக்குள் பிடித்து வைத்துச் சூடு தருவதுதான் அதன் வேலை. வெளியே காற்று அடித்தால் பிடித்து வைத்ததெல்லாம் போய்விடும். ஃபிளீஸை ‘ஸ்பிரிங் ஜாக்கெட்’ என்று விற்பார்கள், அதை உள்ளே போடுங்கள், வெளியே போட்டு ஏமாறாதீங்க.

வெளியே போடுவதற்கு நெசவுத் துணி. அட்டையில் நைலான், பாலியெஸ்டர், காட்டன் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முக்கியம். 65 பாலியெஸ்டர், 35 காட்டன் கலந்த ட்வில் (சாய்வுக்கோடு தெரிகிற நெசவு) துணி காற்றுக்கு நன்றாக நிற்கும், எளிதில் கசங்காது, சத்தம் போடாது, நேர்காணலுக்கும் பார்வையாக இருக்கும். நைலான் இன்னும் லேசு, உராய்வு தாங்கும், மடித்தால் பைக்குள் போய்விடும், ஆனால் நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். நைலானில் 20D, 40D, 70D என்று எழுதியிருப்பார்கள், அது டெனியர், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏற நூல் தடிமன். நீங்கள் லேப்டாப் பையை முதுகில் மாட்டுகிற ஆள். பை வார் தினமும் தேய்க்கிற இடம் தோள். 20Dயில் வாங்கினால் முதலில் தோள்தான் போகும். 40க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

மழைக்கு ஷெல்தான், அதாவது பஞ்சு வைக்காத, நீர் புகாத மேல் ஜாக்கெட். குடை வைத்து சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், டவுன்டவுனில் கட்டடங்களுக்கு நடுவே வருகிற காற்றில் குடை ஐந்து நிமிஷம் தாங்காது.

ஏரிக்காற்று | ஏப்ரல் 4, காலை 7:15

நூல்காரர் அண்ணை, துணியைப் பற்றிச் சொன்னது அருமை. ஆனால் ஷெல் விஷயத்தில் நான் உடன்பட மாட்டேன். தம்பி வைத்திருப்பது 150 டாலர். அந்தக் காசுக்கு ஒரு ஷெல் வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போக ஏலாது. மழை எத்தனை நாள்? காற்று ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு நாளும் போடுகிற உடுப்புக்குத்தான் முதல் காசு போக வேண்டும்.

சைக்கிள்காரன் | ஏப்ரல் 4, மதியம் 12:20

நான் டான்ஃபோர்த்தில் இருந்து டவுன்டவுனுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வாட்டர்ஃப்ரூஃப் ஷெல் இரண்டு வாங்கி இரண்டையும் கொடுத்துவிட்டேன். வெளியே நனைந்ததைவிட உள்ளே வேர்வையில் நனைந்ததுதான் அதிகம். இப்போது பூச்சு எதுவும் இல்லாத, உள்துணி இல்லாத நைலான் வின்ட்பிரேக்கர் ஒன்று, 150 கிராம்கூட இருக்காது, சட்டைப்பை அளவுக்கு மடிகிறது. தூறலுக்குத் தாங்கும், பெரிய மழையில் நனையும், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். தம்பி ஷெல் வாங்கினால் கைக்கு அடியில் ஜிப் வைத்த வென்ட், அதாவது காற்றுப் போகிற திறப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஷெல்லைப் போட்டுக்கொண்டு சப்வேயில் ஏறினால் வேகவைத்த மாதிரி ஆகிவிடும்.

நூல்காரர் | ஏப்ரல் 4, மதியம் 1:05

சைக்கிள்காரன் சொல்வது உழைத்து வேர்க்கிறவர்களுக்குப் பொருந்தும். பஸ் நிறுத்தத்தில் அசையாமல் நிற்கிறவருக்கு வேர்வை அவ்வளவு வராது, அதனால் ஷெல்லை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவு பண்ணலாம்.

நீர் புகாத துணியில் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும் அல்லது பூச்சு இருக்கும். 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் குடும்பத்துப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது அது நுண்துளைகள் கொண்ட சவ்வாக மாறியதைக் கண்டுபிடித்தார், அதுதான் கோர்டெக்ஸ். தண்ணீர்த் துளி புக முடியாத சிறிய துளை, வேர்வை ஆவி வெளியேறப் போதுமான துளை. ஆனால் இது முழுசாக வேலை செய்ய வேண்டுமென்றால் மேல்துணி நனையாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் மேலே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிற மாதிரி ஒரு பூச்சு போடுவார்கள். அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டால் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஆவி வெளியே போக வழியில்லை, உள்ளே ஈரமாகும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலரும் நினைப்பது இதைத்தான். முதுகுப்பை வார் படுகிற தோளில்தான் முதலில் இப்படி ஆகும். துவைத்துக் காயவைத்து டிரையரில் மிதமான சூட்டில் 20 நிமிஷம் போட்டால் பாதிப் பேருக்குப் பழையபடி முத்து உருள ஆரம்பிக்கும்.

ஒரு விஷயம் கவனிக்கணும். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் ரசாயனங்கள் இருந்தன, மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகிறவை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் துணிகளில் அவற்றைச் சேர்த்து விற்கத் தடை. அதனால் இப்போது பல கம்பெனிகளும் மாறிவிட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்காது, கழுத்துப் பட்டையில் தலை எண்ணெய் படும் நம்ம ஆட்கள் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். அழுக்கு ஏறினால் தண்ணீர் உருளாது.

10,000 மி.மீ. என்று அட்டையில் பார்த்தால் பயப்பட வேண்டாம், துணிமேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அதுவரை தாங்கும் என்று பொருள். டொரண்டோ நகரத்து மழைக்கு அதுவே போதும். 20,000க்கு அதிகக் காசு தர வேண்டாம்.

மல்லிகை | ஏப்ரல் 4, மாலை 5:45

வீட்டில் ஆல்ட்டரேஷன் தைத்துக் கொடுக்கிறேன், மார்க்கத்தில் இருக்கிறேன், திருச்சிக்காரி. துணியைப் பற்றி எல்லாம் சொன்னீங்க, தையலைப் பற்றி யாருமே சொல்லவில்லையே!

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஆன்லைனில் 90 டாலருக்கு ‘வாட்டர்ஃப்ரூஃப்’ என்று ஒன்று வாங்கினோம். முதல் மழையிலேயே இரண்டு தோளும் நனைந்து, உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் கோடு போட்ட மாதிரி சாயம் இறங்கிவிட்டது. புரட்டிப் பார்த்தால் துணி நல்ல துணிதான், தையலுக்கு மேல் டேப்பே இல்லை. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். அட்டையைப் பிய்த்துவிட்டோம் என்று சொல்லித் திரும்ப வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அதனால் தம்பி, ஷெல் வாங்கினால் கடையிலேயே உள்பக்கம் புரட்டுங்கள். தோள் தையல், தொப்பி தையல், கைக்கூடு (கை உடம்போடு சேர்கிற இடம்) எல்லாவற்றின் மேலும் விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பளபளவென்று ஒட்டிய டேப் ஓட வேண்டும். சிலதில் தோளுக்கும் தொப்பிக்கும் மட்டும் ஒட்டியிருப்பார்கள், பக்கவாட்டில் இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு அதுகூடப் பரவாயில்லை, தோளில் இல்லையென்றால் மட்டும் தொடாதீங்க. உள்துணி தைத்து மறைத்திருந்தால் பை வழியாக விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், டேப் இருந்தால் கொஞ்சம் விறைப்பாகத் தட்டுப்படும்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே தப்பைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே ஹூடி போட வேண்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள், தோள் இறங்கிவிடுகிறது. கை நீளத்தைக் குறைத்துக் கொடுப்பேன், பக்கத்தைப் பிடித்துக் கொடுப்பேன், தோளைச் சரிசெய்வது என்பது கையை முழுசாகப் பிரித்துத் திரும்ப ஏற்றுகிற வேலை, புது ஜாக்கெட் விலையில் பாதி ஆகிவிடும். கடைக்குப் போகும்போதே ஹூடியைப் போட்டுக்கொண்டு போங்கள். மேலே ஜாக்கெட் போட்டு ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டு, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். இடுப்பு தெரிகிற அளவுக்கு ஜாக்கெட் ஏறினால் கைக்கூடு சரியில்லை, வேறு பார்க்கணும். கையைக் கீழே விட்டால் விளிம்பு மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். நம்ம பையன்களில் நிறையப் பேருக்கு இங்கே கை நீளமாகத்தான் வரும், தோள் சரியாக இருந்தால் அதை வாங்கிவிடுங்கள், நீளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். டேப் ஒட்டிய ஷெல்லில் மட்டும் என்னால் கை வைக்க முடியாது, வெட்டினால் நீர் புகும்.

கோவைப்பையன் | ஏப்ரல் 4, மாலை 6:20

அக்கா, இதைப் படித்ததும் ரூம்மேட்டின் ஷெல்லைப் புரட்டிப் பார்த்தோம். தொப்பியில் மட்டும் டேப் இருக்கிறது, தோளில் இல்லை! 110 டாலர் கொடுத்து வாங்கினானாம், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இன்னொரு கேள்வி. எல்லாரும் பஞ்சு அடைத்த மெல்லிய பஃபர் போடுகிறார்கள், மடித்துப் பையில் போடுகிறார்கள். அது வேண்டாமா?

சைக்கிள்காரன் | ஏப்ரல் 4, மாலை 6:50

மழை இல்லாத குளிர் நாளுக்கு அருமையான பொருள். ஆனால் உள்ளே இருப்பது வாத்து இறகுப் பஞ்சு என்றால் நனைந்ததும் உப்பல் போய்ச் சப்பென்று ஆகிவிடும், சூடும் போய்விடும். 800 ஃபில் என்றெல்லாம் எழுதியிருப்பது ஒரு அவுன்ஸ் பஞ்சு 800 கன அங்குலத்துக்கு உப்பும் என்பதற்கு, நனைந்தால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. இங்கே ஏப்ரல் என்றால் ஈரம். செயற்கைப் பஞ்சு என்றால் கொஞ்சம் கனம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். எப்படியும் மே பாதியில் அலமாரிக்குப் போய்விடும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இது இல்லை.

ஈஸ்ட்ஹாம்காரன் | ஏப்ரல் 5, காலை 5:10

லண்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஏரிக்காற்று இங்கே இல்லை, ஆனால் ஒரே நாளில் வெயில், தூறல், காற்று மூன்றும் வரும், அதனால் இந்த விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் அனுபவசாலிகள். நேர்காணல் என்று சொன்னீர்களே, அதற்காக ஒன்று சொல்கிறேன். ஹாரிங்டன் என்று நீங்கள் கடையில் பார்த்த வடிவம் 1937இல் மான்செஸ்டரில் மில்லர் சகோதரர்கள் பராக்குட்டா என்ற பெயரில் செய்த ஜி9 என்ற ஜாக்கெட்டிலிருந்து வந்தது. மழைக்குப் பேர்போன ஊரில், மழையோடு வாழ்கிறவர்கள் செய்தது. முதுகைக் கவனித்துப் பாருங்கள், தோளிலிருந்து ஒரு துண்டுத் துணி தனியாக இறங்கி நடுவில் குடை விளிம்பு மாதிரி வளைந்து நிற்கும். தோளில் விழுந்த தண்ணீர் அதன்மேல் ஓடி விளிம்பில் சொட்டிவிடும், கீழ்த்துணியில் ஒட்டாது. கழுத்துப் பட்டையில் இரண்டு பொத்தான், அதை நிமிர்த்திப் பூட்டினால் கழுத்துக்குக் காற்று போகாது, மஃப்ளர் தேவையில்லை. இடுப்பிலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் ரிப், அதாவது இழுத்தால் நீளுகிற பின்னல் பட்டை. உள்ளே கட்டம் போட்ட துணி, ஸ்காட்லாந்தின் ஃப்ரேசர் குலத்துக்கு உரிய டார்டன் கட்டம், குலத் தலைவர் லார்டு லோவட்டிடம் அனுமதி வாங்கிப் போட்டது. அசல் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது, ஆனால் அதே வெட்டில் எல்லா விலையிலும் கிடைக்கும், பழைய துணிக் கடைகளிலும் மாட்டியிருக்கும். வெள்ளைச் சட்டை, அடர்நீல ஹாரிங்டன், நல்ல பேன்ட். மென்பொருள் கம்பெனி நேர்காணலுக்கு இதைவிட மேலே வேண்டாம். உள்ளே டை கட்டினாலும் பொருந்தும்.

மெழுகு போட்ட பார்பர் வகை ஜாக்கெட்டும் இங்கே பெரிய பேர், 1894 முதல் சவுத் ஷீல்ட்ஸில் செய்கிறார்கள். எனக்கு உயிர், பன்னிரண்டு வருஷமாக ஒன்று வைத்திருக்கிறேன், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, பஞ்சால் தொட்டு முழங்கையில் தேய்ந்த இடம், தையல், பை விளிம்பு என்று ஒவ்வொரு இடமாகத் தேய்ப்பேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும், அந்த வாசனை இரண்டு நாள் கையை விட்டுப் போகாது. ஆனால் வாஷிங் மெஷினில் போட முடியாது, பஸ் சீட்டில் மெழுகு ஒட்டும், கூட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவர் சட்டையிலும் ஒட்டும். சப்வேயில் போகிற மாணவருக்கு வேண்டாம்.

ஏரிக்காற்று | ஏப்ரல் 5, காலை 7:00

நான் மனதில் வைத்திருந்ததும் இந்த ஹாரிங்டன்தான், ஈஸ்ட்ஹாம்காரன் வடிவாகச் சொல்லிவிட்டார். பாம்பரையும் இதையும் குழப்ப வேண்டாம் தம்பி. பாம்பர் என்று விற்கிறதெல்லாம் எம்ஏ-1 என்ற அமெரிக்க விமானப்படை ஜக்கெற்றின்ர வழி, உள்ளே செம்மஞ்சள் துணி வைப்பது விமானம் விழுந்தால் புரட்டிப் போட்டுத் தூரத்தில் தெரிய நிற்பதற்கு. பஞ்சு வைத்தது, சப்வேக்குள் அவித்துவிடும். டெனிம் ட்ரக்கர், அதாவது ஜீன்ஸ் துணி ஜக்கெற், காய்ந்த நாளில் காற்றைத் தாங்கும், ஆனால் கனம், நனைந்தால் ஒரு நாள் காயாது.

கோவைப்பையன் | ஏப்ரல் 5, காலை 8:30

சரி, நாளைக்கு ஞாயிறு, காலையிலேயே கிளம்புகிறோம். முதலில் வேல்யூ வில்லேஜ் என்கிற பழைய துணிக் கடை, அப்புறம் அவுட்லெட் மால். ஹூடி போட்டுக்கொண்டுதான் போகிறேன் அக்கா.

நூல்காரர் | ஏப்ரல் 5, காலை 9:15

பழைய துணிக் கடையில் எடுத்தால் ஜிப்பை நாலைந்து முறை மேலும் கீழும் இழுங்கள், கீழ்முனையில் இரண்டு பக்கமும் சேர்கிற அந்தச் சின்னப் பெட்டியில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிப் மாற்றுகிற செலவில் இன்னொன்று வாங்கலாம். ரிப்பை இழுத்துவிட்டுப் பாருங்கள், திரும்பவில்லையென்றால் எலாஸ்டிக் செத்துவிட்டது, காற்று இடுப்பு வழியாக ஏறும். ஷெல்லைப் பழையது வாங்க வேண்டாம், உள்பூச்சு உரிய ஆரம்பித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புதுசாகவே, குளிர்காலச் சரக்கைக் கழிக்கிற இந்த நேரத்தில் வாங்குங்கள்.

கோவைப்பையன் | ஏப்ரல் 6, இரவு 8:50

வாங்கிவிட்டேன்! ஒன்றுக்குப் பதில் இரண்டு.

வேல்யூ வில்லேஜில் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். அடர்நீல ஹாரிங்டன் வெட்டு, பாலியெஸ்டர் காட்டன், முதுகில் ஈஸ்ட்ஹாம் அண்ணா சொன்ன அந்தக் குடை விளிம்பு இருக்கிறது. கடைக்குள்ளேயே துணியை வாயில் வைத்து ஊதினேன், காற்று மல்லுக்கட்டித்தான் போகிறது. ஜிப் சரி, ரிப் சரி, இடது பையில் சின்னத் தையல் விட்டிருக்கிறது. 24 டாலர். அப்புறம் அவுட்லெட்டில் கடைசி ரேக்கில் ஒரு ஷெல், 10,000 மி.மீ., தோள், தொப்பி, பக்கவாட்டு எல்லாவற்றிலும் டேப், கைக்கு அடியில் ஜிப் வென்ட், 40D. 89 டாலர். நிறம்தான் கடுகு மஞ்சள், அதனால்தான் யாரும் எடுக்காமல் விலை இறங்கியிருக்கிறது போல. எனக்குப் பிடித்தே இருக்கிறது. 13 சதவீத வரியோடு இரண்டும் சேர்த்து 127 டாலர் 69 சென்ட். பட்ஜெட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது!

திரும்பி வரும்போது கென்னடி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றோம். 6 டிகிரி, நல்ல காற்று. ஹூடி, மேலே ஹாரிங்டன், கழுத்துப் பட்டையை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டேன். காது மட்டும்தான் குளிர்ந்தது, நெஞ்சில் ஒன்றுமே தெரியவில்லை. நாலு நாளுக்கு முன்னால் இதே ஹூடியோடு நடுங்கியவன் நான்தான் என்று நம்பவே முடியவில்லை. எல்லாருக்கும் மனசார நன்றி.

மல்லிகை அக்கா, தோள் கச்சிதம், கை மட்டும் ஒன்றரை அங்குலம் நீளம், ரிப் உள்ளங்கை பாதிவரை வந்து நிற்கிறது. குறைக்க முடியுமா? நேர்காணல் மே 12.

மல்லிகை | ஏப்ரல் 6, இரவு 9:30

தாராளமாக முடியும். ரிப்பைத் தனியாகப் பிரித்து எடுத்து, கையை வெட்டி, அதே ரிப்பைத் திரும்ப வைத்துவிடுவேன், வெளியே தெரியாது. உள்துணியும் அதே அளவு குறைக்கணும், இல்லையென்றால் உள்ளே சுருண்டு மணிக்கட்டில் தடிக்கும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை குளிர்ந்த தண்ணீரில் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு வா தம்பி, காட்டன் கலந்தது, பாக்கிச் சுருக்கம் இருந்தால் இப்போதே போகட்டும். நேர்காணலுக்குப் போடப்போகிற சட்டையையும் உள்ளே போட்டுக்கொண்டே வா, சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துத் தருகிறேன். இடது பைத் தையலையும் அப்போதே பார்த்துவிடலாம். சனிக்கிழமை 11 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், முகவரியைத் தனி மெசேஜில் அனுப்புகிறேன்.